சாம்பல் வைத்த மணி

கோத்தகிரியில் டீச்சர் என்றால் பலருக்கு ஷமீமாவின் முகம்தான் நினைவுக்கு வரும். பள்ளிக்கூட டீச்சர் அல்ல. கண்ணாடிக் குச்சியைத் தீயில் உருக்கி மணி செய்யக் கற்றுத் தருகிறவர். பெங்களூரில் ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடிக் குழாய் செய்துகொடுக்கும் இடத்தில் தொழில் பழகியவர். கல்யாணமாகி மலைக்கு வந்த பிறகு வீட்டுப் பின்னறையில் ஒரு மேஜை போட்டுக்கொண்டார். வயது இன்னும் நாற்பதை எட்டவில்லை.

அவர் அதிகம் பேச மாட்டார். யாராவது கேள்வி கேட்டால் பதிலுக்குக் கையால் எதையாவது செய்து காட்டுவார். புரியாவிட்டால் இன்னொரு முறை செய்து காட்டுவார். சலித்துக்கொண்டது கிடையாது.

ஒரு மழைநாள் மத்தியானம் அருணகிரி அந்த வாசலில் வந்து நின்றார். தேயிலை ஃபேக்டரியில் மெக்கானிக். டீச்சரைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். குடையை மடக்காமல் நின்றுகொண்டே இருந்தார். உள்ளே வாங்க என்று சொன்ன பிறகுதான் வந்தார். உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு குங்குமச் சிமிழை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இதை ஒரு மணிக்குள்ள வைக்க முடியுமா?”

டீச்சர் சிமிழைத் திறந்து பார்த்தார். சாம்பல். ஒரு சிட்டிகைக்கு மேல் இருக்காது. மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

“யாரு?”

“எம் பொண்ணு. கோகிலா.”

பிறகு அவர் சொன்னது கொஞ்சம்தான். ஒரே பிள்ளை. கோயம்புத்தூரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கொரோனா இரண்டாம் முறை வந்தபோது அவளையும் பிடித்தது. எங்கேயும் படுக்கை இல்லை. சொந்தக்காரர் வீட்டு மாடியறையில், மூச்சுக்கு ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்து வைத்து, அவள் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அருணகிரி அந்த இரண்டு நாளும் படுக்கை தேடி ஊரெல்லாம் அலைந்தார். கடைசியில் ஓரிடத்தில் கிடைத்தது. சேர்த்த பிறகு யாரையும் உள்ளே விடவில்லை. அதற்கப்புறம் அவர் கைக்கு வந்தது ஒரு மண்சட்டி.

பவானி கூடுதுறையில் கரைத்தபோது ஒரு சிட்டிகையை மட்டும் எடுத்துச் சிமிழில் வைத்துக்கொண்டார். மிச்சம் வைக்காதீர்கள், அவள் முழுசாகப் போகட்டும் என்று மனைவி செண்பகம் சொன்னாள். அவர் கேட்கவில்லை. அவளும் அதற்குமேல் சொல்லவில்லை.

மூன்று வருஷமாக அது சிமிழிலேயே இருந்தது. போன வாரம் மார்க்கெட்டில் ஒரு கடையில் டீச்சர் செய்த மணியைப் பார்த்தார். தெளிந்த கண்ணாடி. நடுவில் வெள்ளிப் பொடி, விழுந்த இடத்திலேயே நின்றிருந்தது. யாரும் அதைக் கொட்டிவிட முடியாது, காற்றும் தொடாது என்று அவருக்குத் தோன்றியது.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “முடியும். நான் செஞ்சு தரட்டுமா? ஒரு டீ குடிக்கிற நேரம்தான்,” என்றார்.

அருணகிரி தலையை அசைத்தார்.

“நான் செய்யணும் டீச்சர். அவளுக்கு நான் கொள்ளி போடல.”

டீச்சர் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.

“அப்படின்னா வீட்டுல ஒரு இடம் பாருங்க.”

இங்கேயே பழகக் கூடாதா என்று அவர் கேட்டார். பழகலாம், ஆனால் அந்த மணியை இங்கே செய்ய வேண்டாம் என்றார் டீச்சர். ஏன் என்று கேட்டார்.

“இது நாலு பேர் வந்து போற இடம் அண்ணே. அழுகை வந்தா அடக்குவீங்க. கை நடுங்கும்.”

*

அருணகிரியின் வீட்டுக்குப் பின்னால், சமையலறைச் சுவரை ஒட்டி, விறகு போடும் சாய்ப்பு ஒன்று இருந்தது. அவர் அதைக் காலி செய்தார். தரையில் சிமெண்ட் பூசினார். இரும்புச் சட்டத்தில் மேஜை செய்து, மேலே மரம் தெரியாதபடி தகரத் தகடு அடித்தார். கண்ணாடி உருக்கக் கேஸ் எரியும் தீக்குழலை மேஜை ஓரத்தில் திருகி இறுக்கினார். கேஸ் சிலிண்டரை வெளியே வைத்து, சுவரில் துளை போட்டுக் குழாயை உள்ளே கொண்டுவந்தார். நெருப்பணைக்கும் சிவப்பு சிலிண்டரை வாசல் பக்கம் மாட்டினார். புகை போக ஒரு தகரக் கூண்டு, அதன் மேல் ஃபேக்டரியில் கழித்துப் போட்ட காற்றாடி ஒன்று. இரும்பும் தகரமும் அவருக்குக் கைப்பழக்கம். ஃபேக்டரி முடிந்து வந்ததும் அங்கே போய்விடுவார். கை வேலையில் இருக்கும்போது நெஞ்சு கொஞ்சம் அடங்கிக் கிடந்தது.

ஆனால் காற்றாடி ஓடியும் அறையில் கேஸ் வாடை நின்றது. டீச்சரிடம் போய்ச் சொன்னார். டீச்சர் ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, காற்றாடியைப் போட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தினார். புகை கூண்டுக்குள் போகவில்லை. அவரையே சுற்றிச் சுற்றி வந்தது.

மறுநாள் போய்ச் சொன்னார்.

“ஜன்னல் எங்க இருக்கு?” என்று டீச்சர் கேட்டார்.

“இல்ல டீச்சர். இந்தக் குளிருக்கு எல்லா இடுக்கையும் அடைச்சிட்டேன்.”

“உள்ள வர வழியில்லாம வெளிய எப்படிப் போகும்?”

அவர் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார். வேறு பக்கம் மண்மேடு என்பதால், துணி துவைக்கும் கல்லைப் பார்த்தபடிதான் வைக்க முடிந்தது. ஜன்னலைத் திறந்தால் செண்பகத்தின் முதுகு தெரியும். அவள் துவைத்துக்கொண்டே இருப்பாள். இவர் தன் வேலையைப் பார்ப்பார். ஊதுபத்திப் புகை இப்போது நேராகக் கூண்டுக்குள் ஏறிப் போயிற்று.

*

அடுத்து டீச்சர் ஒன்று சொன்னார்.

“கேஸ் மட்டும் போதாது. தீ மஞ்சளா, சோம்பலா எரியும். கண்ணாடியில கரி படியும். ஆக்சிஜன் வேணும்.”

அருணகிரி மேஜைமேல் கிடந்த குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார்.

டீச்சருக்கும் சொன்ன பிறகுதான் உறைத்தது. குரலைத் தாழ்த்தி, வீட்டில் செய்யும் வேலைக்கு சிலிண்டர் வேண்டாம், காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் மெஷின் போதும், அந்த வருஷம் வாங்கியது எத்தனையோ வீடுகளில் சும்மா கிடக்கிறது என்றார்.

“வேற வழி இருக்கா?”

“இல்ல அண்ணே.”

குன்னூரில் ஒரு வீட்டில் இருப்பதாகத் தெரிந்து ஜீப் பிடித்துப் போனார். கதவைத் திறந்தவர் பள்ளி வாத்தியார். அம்மாவுக்காக வாங்கியதாம். தூசி படாமல் போர்வை போர்த்தி வைத்திருந்தார்.

“அம்மா பிழைச்சாங்களா?” என்று அருணகிரி கேட்டார்.

“பிழைச்சாங்க. உள்ளதான் இருக்காங்க,” என்றார் வாத்தியார். பிறகு அக்கறையாக, “உங்க வீட்டுல யாருக்கு?” என்று கேட்டார்.

“கண்ணாடி வேலைக்கு,” என்றார் அருணகிரி.

மெஷினை ஜீப்பிலிருந்து இறக்கியபோது செண்பகம் வாசலில் நின்றிருந்தாள். பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அதை ஓட்டிப் பார்த்தார். மெஷின் ஒரு தரம் பெருமூச்சு விட்டது, பிறகு டக்கென்று ஒரு சத்தம், மறுபடி பெருமூச்சு. தீ மஞ்சளிலிருந்து மாறி நீலமாகக் கூர்மையாயிற்று. அவருக்கு ஒரு திருப்தி. ஜன்னல் வழியே பார்த்தபோது செண்பகம் துவைக்கிற துணியைக் கல்லில் அப்படியே விட்டுவிட்டு மேட்டுப்பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தாள். தேயிலைச் செடிகளின் ஓரத்தில் போய் நின்றாள். கீரை பறிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் மெஷின் ஓடும்போதெல்லாம் அவள் மேட்டில்தான் நின்றாள். நிறுத்திய பிறகு இறங்கி வருவாள். அவர் அதைக் கவனித்ததாகச் சொல்ல முடியாது.

*

மணி செய்வது பார்க்க லேசு. இரும்புக் கம்பியில் களிமண் பூசிக் காயவைத்து, அதன் மேல் உருகிய கண்ணாடியைத் தேன் மாதிரிச் சுற்றுவது. அருணகிரிக்கு முதலில் குச்சிகள் வெடித்தன. தீக்குள் நேரே நீட்டியதும் படபடவென்று சில்லுகள் பறந்தன. டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்து, தீயின் நுனியில், வெளியே, உள்ளே, வெளியே என்று காட்டினார். கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்குப் பழகியது.

கண்ணுக்கு ஒரு ரோஸ் நிறக் கண்ணாடி கொடுத்தார். அதைப் போட்டதும் தீயின் மஞ்சள் கூச்சம் போய், உள்ளே உருகிக்கொண்டிருப்பது மட்டும் துலக்கமாகத் தெரிந்தது. முதல் தடவை போட்டபோது அருணகிரி அதைக் கழற்றவேயில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் போட்டுக்கொண்டே போனார்.

முதல் மணிகள் கோணலாக வந்தன. ஒன்று முட்டை போல, ஒன்று வெல்லக்கட்டி போல. அழகாக வந்தவையும் ஆறும்போது விரிசல் விட்டன. ஏன் என்று ஒருநாள் கேட்டார்.

டீச்சர் ஒரு மணியைச் சுற்றி, தீயிலிருந்து எடுத்து, சும்மா கல்லின் மேல் வைத்தார். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு போயிற்று. வெறும் கண்ணாடியாகத் தெரிந்தது. அருணகிரி கையை நீட்டினார். டீச்சர் தடுத்தார். மெல்ல ஒரு சத்தம். மணி இரண்டாகப் பிளந்தது.

“மேல ஆறிடுச்சு. உள்ள ஆறல,” என்றார் டீச்சர். “ரெண்டும் சேர்ந்து ஆறணும்.”

அதற்குத்தான் சூளை. செய்த மணியைச் சூட்டோடு அதற்குள் வைத்து, சூட்டை இறக்கி இறக்கி, மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். அருணகிரி நெருப்புச்செங்கல்லும் கரண்டில் சூடேறும் கம்பிச்சுருளும் வாங்கித் தானே ஒரு சூளை கட்டினார். சூடு காட்டும் கருவியும் பொருத்தினார். டீச்சர் அதை அவர் எடுத்து வந்த படத்தில் பார்த்து, என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்றார். அவர் மனம் குளிரட்டும் என்று சொன்னதல்ல, உள்ளதைத்தான் சொன்னார்.

“இப்ப வைக்கலாமா டீச்சர்?”

“அடுப்புச் சாம்பலை வெச்சுப் பழகுங்க.”

அப்படியே செய்தார். சூடான மணியைச் சாம்பலில் உருட்டி, அதன் மேல் தெளிந்த கண்ணாடியை இடைவெளியில்லாமல் மூட வேண்டும். இடைவெளி விழுந்தால் காற்று புகுந்து குமிழியிடும். நூலறுந்த மணிகளாக ஒரு தட்டு நிறையச் செய்தார். விறகுச் சாம்பல், வரட்டிச் சாம்பல். வீட்டில் பேச்சு எப்போதோ குறைந்து போயிருந்தது. சோறு, கேஸ் பதிவு, மழை. அவள் டீயைச் சாய்ப்பின் படியில் வைத்துவிட்டுப் போவாள். அவர் ஆறிய பிறகு எடுத்துக் குடிப்பார்.

மறுபடியும் கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றார் டீச்சர். மறுபடியும் கேட்டார். அதே பதில். அப்புறம் அவர் கேட்பதை விட்டுவிட்டார். வருவார், செய்த மணிகளைக் காட்டுவார், போவார்.

கேட்பதை விட்டு வெகுநாளான பிறகு ஒருநாள், டீச்சர் எழுந்து போய் உள்ளேயிருந்து ஒரு கண்ணாடிக் குச்சியை எடுத்து வந்தார். தண்ணீர் மாதிரி இருந்தது.

“இதுல மூடுங்க. சூளையைக் காலைக்கு முன்னாடி திறந்துடாதீங்க.”

*

ஞாயிற்றுக்கிழமை. குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மெஷினைப் போட்டார். ஜன்னலுக்கு வெளியே செண்பகம் மேட்டுக்குப் போவது தெரிந்தது.

கை நடுங்கவில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியம். கம்பியில் கண்ணாடியைச் சுற்றினார். சிமிழைக் கவிழ்த்து, மணியை மெதுவாக உருட்டினார். சாம்பல் முழுவதும் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் போன்ற கண்ணாடியை உருக்கி அதன் மேல் மூடினார். தீயில் திருப்பித் திருப்பி உருட்டினார். அவர் செய்ததிலேயே அதுதான் நல்ல மணி. உள்ளே ஒரு சாம்பல் மேகம், அதைச் சுற்றிக் கடுகைவிடச் சின்னதாக இரண்டு மூன்று குமிழிகள்.

சூளைக்குள் வைத்து மூடினார். தீயை அணைத்தார். மெஷினை அணைத்தார்.

அப்போதுதான் வந்தது. சூளைக் கதவின் இடுக்கில் கம்பிச்சுருள் சிவந்து தெரிந்தது. அதற்குள் அவள் தனியாக இருக்கிறாள் என்று தோன்றிவிட்டது. முதல் முறையும் இப்படித்தான். யாரோ கதவை மூடினார்கள். இவர் வெளியே நின்றார்.

எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தார். காலை வரை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். படியில் செண்பகம் வைத்த டீ இருந்தது. எடுக்கவில்லை. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இருட்டக்கூட இல்லை. அவரால் அதற்குமேல் முடியவில்லை. தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு சூளையைத் திறந்தார்.

மணி முழுசாக இருந்தது. கம்பியோடு எடுத்து உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். கையுறையைத் தாண்டிச் சூடு உள்ளே இறங்கியது. அவர் ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று பிற்பாடு அவருக்கே நினைவில்லை.

ஜன்னல் திறந்திருந்தது. மலைக்காற்று. ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

*

மறுநாள் கைக்குட்டையில் முடிந்த துண்டுகளை டீச்சரின் மேஜைமேல் பிரித்து வைத்தார்.

“நான்தான் திறந்தேன் டீச்சர். உள்ள தனியா விட முடியல.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். டீச்சர் துண்டுகளைத் தொடாமல் பார்த்தார்.

“கையில எடுத்தீங்களா?”

“எடுத்தேன்.”

“சூடா இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“எவ்வளவு நேரம்?”

“கொஞ்ச நேரம்தான். ஆனா இருந்துச்சு.”

டீச்சர் தலையசைத்தார். பிறகு டீச்சர், இதை மறுபடியும் மெல்லச் சூடேற்றி உருக்க முடியும், அதே கண்ணாடி, அதே சாம்பல், ஒன்றும் தொலைந்துபோகவில்லை என்றார். தானே கூட இருந்து செய்ய வைப்பதாகவும் சொன்னார்.

அருணகிரி துண்டுகளைப் பார்த்தார்.

“மறுபடியும் தீயிலயா டீச்சர்? வேண்டாம்.”

டீச்சர் வற்புறுத்தவில்லை.

“ஒரு மணிக்காகத்தான் அந்த இடத்தையே கட்டினேன்,” என்றார் அவர். “இனி அதை என்ன செய்யறது?”

டீச்சர் கைக்குட்டையை அவரே முடிந்துகொள்ளட்டும் என்று காத்திருந்தார். முடிந்ததும், “அக்கா என்ன சொன்னாங்க?” என்று கேட்டார்.

“அவகிட்ட இன்னும் சொல்லல.”

டீச்சர் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார். நான் ஒருதரம் வந்து பார்க்கிறேன் என்று கூடவே கிளம்பிவிட்டார்.

அவர் அந்த வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. செண்பகம் வாங்க என்றாள். டீச்சர் யாரென்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டீச்சர் நேரே சாய்ப்புக்குப் போனார். எல்லாவற்றையும் பார்த்தார். கூண்டு, காற்றாடி, குழாய்கள், ஜன்னல், சூளைக் கதவின் கீல். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. உட்கார அங்கே ஒரே ஒரு ஸ்டூல்தான் இருந்தது. அருணகிரி அதைத் துடைத்து நகர்த்தினார். டீச்சர் உட்காரவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, “அக்கா, இன்னொரு ஸ்டூல் இருக்குமா?” என்று குரல் கொடுத்தார்.

செண்பகம் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். படி வரைக்கும் வந்து நின்றுவிட்டாள்.

“உள்ள வாங்கக்கா.”

“இருக்கட்டும்மா. நான் இங்க வர்றதில்ல.”

“ஏன்?”

செண்பகம் ஸ்டூலைக் கீழே வைத்து, ஆடாமல் நிற்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.

“அவரு கூப்பிட்டதில்ல,” என்றாள். பிறகு யாரையும் பார்க்காமல், “அந்த மெஷின் சத்தமும் எனக்கு ஆகாதும்மா. மாடியில ரெண்டு நாள் அதை மட்டும்தான் கேட்டுட்டு உட்காந்திருந்தேன். நின்னுடக் கூடாதுன்னு கேட்டுட்டே இருந்தேன்.”

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. சமையலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஸ்டூல் படிக்கு வெளியே இருந்தது.

அருணகிரி ஜன்னல் வழியே தேயிலை மேட்டைப் பார்த்தார். அங்கே கீரை ஏதும் கிடையாது. அந்த வீட்டில் முப்பது வருஷமாக இருக்கிறவருக்கு அது தெரியாமலில்லை.

அவர் உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். அழுதார். டீச்சர் நின்றுகொண்டே இருந்தார்.

“கூப்பிடணும்னு தோணாம இல்ல டீச்சர்,” என்றார் ஒருவழியாக. “என்னன்னு கூப்பிடுவேன்?”

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கல்யாணமான புதுசுல பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கேன். பொண்ணு பொறந்த அன்னையிலேருந்து கோகிலாம்மாதான். வீட்டுக்குள்ள வரும்போதே வாசல்லேருந்து கூப்பிடுவேன், கோகிலாம்மான்னு. ரெண்டு பேருமே என்னன்னு கேப்பாங்க.” சமையலறைச் சுவரைப் பார்த்தார். “அவ போனதுக்கப்புறம் அது வாயில வரல. வேற பேரும் வரல. இத்தனை நாளா நான் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. அவளா வந்தா உண்டு.”

சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம் சுவரின் இந்தப் பக்கம் கேட்டது.

“பொண்ணே இல்ல. இனி எப்படி டீச்சர் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடறது?”

டீச்சர் படியிறங்கிப் போய் ஸ்டூலை எடுத்து வந்தார். அவருடையதற்குப் பக்கத்தில், மேஜைக்கு நேராக, போட்டார்.

“அவங்க இப்பவும் கோகிலாம்மாதான் அண்ணே.”